பணிக்கால ஆண்டுகளைத் தொலைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் தனியார் மருத்துவமனைகளில் முப்பத்திரண்டு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அரசுப் பணியில் உள்ள சகோதரிகளின் ஓய்வூதியத்துக்காகப் பேசச் சங்கங்கள் இருக்கின்றன. ஆகவே இந்தச் சில நிமிடங்களைத் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்கென்றே எடுத்துக்கொள்கிறேன்.

மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடக் கிடைக்கிறதென்றால் மருத்துவமனை மாறத்தான் செய்வோம், விலைவாசி அப்படி. அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறை மாறும்போதும் பி.எஃப். எனும் வருங்கால வைப்பு நிதிப் பணத்தை முழுவதுமாக எடுத்துவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் எடுத்தேன், தங்கையின் திருமணத்துக்குப் பீரோவும் கட்டிலும் வாங்கினேன். இன்று 28 வயதுச் செவிலியர் ஒருவர் 40,000 ரூபாயை எடுக்காமல் புதிய கணக்குக்கு மாற்றினால், 2024-25ஆம் ஆண்டுக்கு வழங்கப்பட்ட 8.25 சதவீத வட்டியே தொடரும் பட்சத்தில், 58 வயதில் அது 4,30,000 ரூபாயைத் தாண்டியிருக்கும்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு பணிக்கால ஆண்டுகள். நம் ஊதியத்தில் 12 சதவீதத்தை நிறுவனம் பி.எஃப்.புக்குச் செலுத்துகிறது; அதில் ஊதியத்தின் 8.33 சதவீதம், 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்புக்குள், ஓய்வூதியக் கணக்கில் சேருகிறது. பல இடங்களில் வேலை பார்த்திருந்தாலும் மொத்தம் பத்தாண்டுகள் சேர்ந்தால் 58 வயதிலிருந்து மாத ஓய்வூதியம் உண்டு. இடையில் 10சி படிவம் கொடுத்து அந்தத் தொகையையும் பெற்றுக்கொண்டால், அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கிலிருந்து போய்விடும். ஓய்வூதியக் கணக்கு இதுதான்: 15,000 ரூபாய் ஊதியத்தைப் பணி செய்த பதினைந்து ஆண்டுகளால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் 3,214 ரூபாய் வருகிறது. இதற்கு அகவிலைப்படி கிடையாது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் இதன் மதிப்பு பாதியாகிவிடும். எனவே இதை மட்டும் நம்பியிருக்க முடியாது, விட்டுவிடவும் முடியாது.

பணியிலிருந்து விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடைக்கும் (கிராஜுவிட்டி) இதேபோல் ஆண்டுகளைக் கணக்குப் பார்க்க வேண்டும். அடிப்படை ஊதியம் 15,000 ரூபாய் பெறும் நிரந்தரப் பணியாளருக்கு ஐந்தாண்டு முடிந்தால் 43,269 ரூபாய் உரிமையாகிறது. நான்கு ஆண்டுகளில் விலகியவருக்கு ஒன்றுமில்லை. வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் பிள்ளைகள் அங்கே நமக்கு மாத ஓய்வூதியம் இல்லை, பணி முடிவில் ஒரு மொத்தத் தொகைதான் என்பதை முதல் சம்பளத்தன்றே நினைவில் வைப்பது நல்லது.

கடைசியாக ஒரு சிறிய செய்தி. என் சான்றிதழ்களில் தந்தையின் முன்னெழுத்தும் ஆதாரில் கணவரின் முன்னெழுத்தும் இருந்ததால், ஓய்வுபெற்ற பின் என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பணியில் இருக்கும்போதே அலுவலகத்தில் சொல்லிப் பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள். திருமணத்துக்கு முன் பி.எஃப். கணக்கில் தாயை வாரிசுதாரராகக் குறித்திருந்தால், திருமணத்துக்குப் பின் அந்த நியமனம் செல்லாது. அதையும் அன்றே புதிதாகப் பதிந்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.