பந்து கையில இல்லாத நேரத்துல ஒரு வைட் ரிசீவர் என்ன செய்யறார்

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை சாயங்காலத்தை இதுக்குன்னு ஒதுக்கிட்டு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். அமெரிக்கன் ஃபுட்பால் பத்திப் பேசறேன்னு சொன்னதும் பந்தை எறியற குவார்ட்டர்பேக் பத்தித்தானேன்னு ரெண்டு மூணு பேர் கேட்டாங்க. இல்லைங்க. இன்னிக்கு நான் பேச வந்தது பந்து தன் பக்கமே வராதுன்னு தெரிஞ்சும் தன்னைவிட இருபது கிலோ கூட இருக்கற ஆள் மேல போய் மோதற ஒரு ரிசீவரைப் பத்தி. பந்தைத் தூக்கிட்டு ஓடற ரன்னிங் பேக் முப்பது யார்ட் ஓடினா அவர் பேர்ல முப்பது யார்ட் எழுதுவாங்க, வழிவிட்டுக் குடுத்தவர் பேர்ல ஒண்ணும் எழுத மாட்டாங்க. வருஷக்கணக்கா இந்த ஆட்டத்தைப் பாத்துட்டு எனக்கு மனசுல நிக்கறவங்க அந்த மாதிரி ஆளுங்கதான்.

புதுசா பாக்கறவங்களுக்காக முதல்ல ஒரு விஷயம். வைட் ரிசீவர்னா ஓரமா நின்னு வேகமா ஓடிப் பந்தைப் பிடிக்கறவர். டைட் எண்ட்னா நடுவுல இருக்கற அஞ்சு லைன்மேன் பக்கத்துலயே ஒட்டி நிக்கறவர், அவருக்கு ரெண்டு வேலை, எதிராளியை இடிச்சுத் தள்ளவும் வேணும், பந்தைப் பிடிக்கவும் வேணும். நம்ம கிரிக்கெட்ல விக்கெட் கீப்பர் பேட்டிங்கும் ஆடணும்னு ஒரு காலத்துல எதிர்பார்க்க ஆரம்பிச்சாங்க இல்லையா, அதுக்கப்புறம் ரெண்டும் நல்லா வர்ற ஆளைத் தேடறதே பெரும்பாடு ஆச்சு, இங்கயும் அதே கதைதான். 250 பவுண்டு உடம்பு, அதாவது 113 கிலோ, அந்த உடம்போட நல்லா பிளாக் பண்ணி, அதாவது எதிராளியை இடிச்சுத் தடுத்து, நல்லா ரூட் ஓடி, அதாவது முன்னாடியே குறிச்ச பாதையில ஓடி, நல்லா பிடிக்கற ஆள் ஒரு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர் கிடைச்சா பெருசு. என்எஃப்எல் லீக்ல 32 டீம் இருக்கே, மத்தவங்க என்ன பண்ணுவாங்க?

அங்கதான் இந்த யோசனை வருது. டைட் எண்டைத் தேடி அலையறதுக்குப் பதிலா, ஆறடி மூணு நாலு அங்குல உயரம், 100 கிலோ எடை, இடிக்க பயப்படாத ஒரு ரிசீவரை எடுத்து உள்ள தள்ளி நிக்க வெச்சு டைட் எண்ட் வேலையில பாதியை அவர்கிட்ட குடுத்தா என்ன?

கேட்கறதுக்கு சின்ன மாற்றம் மாதிரி இருக்கும். ஆனா இதோட லாபம் புரியணும்னா எதிர் டீம் என்ன பாக்குதுன்னு தெரியணும். ஒவ்வொரு பிளேக்கும், அதாவது ஒவ்வொரு தடவை பந்தை ஆடறதுக்கும் முன்னாடி யார் உள்ள வர்றாங்க யார் வெளிய போறாங்கன்னு டிஃபென்ஸ் கோச்சுங்க எண்ணிட்டே இருப்பாங்க. அஞ்சு லைன்மேன், ஒரு குவார்ட்டர்பேக், இவங்க ஆறு பேர் மாற மாட்டாங்க. மிச்சம் இருக்கற அஞ்சு பேர்ல எத்தனை ரன்னிங் பேக், எத்தனை டைட் எண்ட், அதை வெச்சு ரெண்டு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லுவாங்க. 11ன்னா ஒரு ரன்னிங் பேக், ஒரு டைட் எண்ட், மிச்ச மூணு பேர் ரிசீவர். 12ன்னா ஒரு ரன்னிங் பேக், ரெண்டு டைட் எண்ட், ரெண்டு ரிசீவர். 12 வந்தா ஓடப்போறாங்கன்னு டிஃபென்ஸ் தன் முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கற கனமான லைன்பேக்கருங்களை உள்ளயே வெச்சுக்கும், 11 வந்தா ஒரு லைன்பேக்கரை வெளிய எடுத்துட்டு ரிசீவரைக் காவல் காக்கற வேகமான சின்ன உடம்பு கார்னர்பேக் ஒருத்தரை உள்ள விடும், அதுக்குப் பேர் நிக்கல். அந்த கார்னர்பேக் 85 கிலோ இருந்தா அதிகம்.

இப்ப பாருங்க, நான் 11ன்னு காட்டிட்டு உள்ள வர்றேன், நீங்க 85 கிலோ ஆளை உள்ள விட்டுட்டீங்க, என்னோட மூணாவது ரிசீவரோ டைட் எண்ட் மாதிரி இடிக்கறவர், நான் ஓட ஆரம்பிச்சேன்னா அந்த சின்ன உடம்பு ஆளு மாட்டினார். சரி இவன் இடிப்பான்னு தெரிஞ்சு நீங்க லைன்பேக்கரையே உள்ள வெச்சீங்கன்னா அதே ஆளை நான் ஓரமா அனுப்பி ரூட் ஓட விடறேன், லைன்பேக்கரால அவர் பின்னாடி ஓட முடியாது. எந்தப் பக்கம் போனாலும் அடி. இன்னொரு விதியும் இதுக்கு உதவுது. பந்து வெச்சிருக்கற டீம் ஆளை மாத்தினாத்தான் டிஃபென்ஸும் ஆளை மாத்த ரெஃப்ரி நேரம் குடுப்பார். நான் யாரையும் மாத்தாம அடுத்தடுத்து வேகமா ஆடினா, நீங்க உள்ள விட்ட பதினோரு பேரோடயே மாட்டிக்கிட்டு நிக்கணும். ஒரு பிளேல அதே பதினோரு பேர் கனமான டீம், அடுத்த பிளேல பரவி நிக்கற டீம். இந்த ஒரு ஆள் இருக்கறதாலதான் இது முடியுது.

இதுக்கு எதிரா ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. எதிர் டீம் முன்வரிசையோட ஓரத்துல நிக்கற டிஃபென்ஸிவ் எண்ட் 265 பவுண்டு, 120 கிலோ, 100 கிலோ ரிசீவர் அவரை எப்படித் தாங்குவார்? தாங்க மாட்டார். நேருக்கு நேர் நிக்க வெச்சு பிளாக் பண்ணுன்னு சொன்னா மூணு செகண்டுல அந்த எண்ட் குவார்ட்டர்பேக் மேல போய் விழுவார். அதனால நல்ல கோச் யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. பலத்துக்குப் பதிலா கோணம், இதுதான் ரகசியம்.

ரிசீவரை ஓரத்துல விடாம, லைன்மேன் வரிசையோட கடைசியில நிக்கற டேக்கிள்கிட்ட நாலஞ்சு யார்டுக்குள்ள கொண்டு வந்து நிக்க வெப்பாங்க. பந்து ஸ்னாப் ஆனதும், அதாவது பிளே தொடங்க பந்து பின்னால குவார்ட்டர்பேக்கிட்ட போனதும், அவர் வெளியில இருந்து உள்பக்கமா வந்து லைன்பேக்கரையோ எல்லாருக்கும் பின்னாடி நிக்கற சேஃப்டியையோ பக்கவாட்டுல தடுப்பார், இதுக்குப் பேர் கிராக் பிளாக். ரன்னிங் பேக் வெளிப்பக்கமா சுத்திப் போவார். அப்ப அவரைப் பிடிக்க மிச்சம் இருக்கறது யார்? ரிசீவரைக் காவல் காத்துட்டு இருந்த கார்னர்பேக். டீம்லயே சின்ன உடம்பு, முழு வேகத்துல வர்ற ரன்னரைத் தனியா நின்னு பிடிக்கணும். ஒரே ஒரு பிளாக்ல எதிர் டீமோட நல்ல டேக்கிளரை, அதாவது ஓடறவரைப் பிடிச்சுக் கீழ தள்ளறவரைக் காலி பண்ணிட்டு சுமாரான டேக்கிளரை வேலைக்கு இழுத்து விடறாங்க. இன்னொண்ணு, ஸ்னாப்புக்கு முன்னாடியே ரிசீவர் ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் ஓடி வந்து டேக்கிளுக்கும் பக்கத்து லைன்மேனான கார்டுக்கும் நடுவுல புகுந்து லைன்பேக்கரைப் பிடிப்பார், பழைய காலத்துல ரன்னிங் பேக்குக்கு முன்னாடி ஓடி வழிவிட்ட ஃபுல்பேக் செஞ்ச வேலை அது. இல்லேன்னா லைனுக்குப் பின்னாடியே குறுக்க ஓடிப் போய் அந்தப் பக்க டிஃபென்ஸிவ் எண்டை எதிர்பாராம அடிப்பார். நாலு தடவை அப்படி அடிச்சப்புறம் அஞ்சாவது தடவை அதே மாதிரி ஓடி வந்து, அடிக்காம அவரைத் தாண்டிப் போய் காலியான இடத்துல நின்னு பந்தை வாங்கிப்பார். அந்த நாலு அடி இல்லாம இந்த ஒரு கேட்ச் கிடையாதுங்க. அந்த கேட்ச் மட்டும்தான் கணக்குல ஏறும்.

இதெல்லாம் நேத்து வந்ததில்லை. 1990கள்ல டென்வர் பிராங்கோஸ், கோச் மைக் ஷனஹான். அவங்க ரன்னிங் பேக் டெரல் டேவிஸ் 1998ல 2,008 யார்ட் ஓடினார், எல்லாரும் அந்த லைன்மேன்களைப் பத்திப் பேசுவாங்க, பேசணும்தான், ஆனா ஓரத்துல ராட் ஸ்மித்தும் எட் மெக்காஃப்ரியும் இருந்தாங்க. மெக்காஃப்ரி ஆறடி அஞ்சு அங்குலம். ரெண்டு பேரும் இடிக்கறதை கௌரவக் குறைச்சலா நினைக்காத ரிசீவருங்க. தொடர்ந்து ரெண்டு சூப்பர் பவுல், அதாவது லீக்கோட இறுதி ஆட்டம், ஜெயிச்சாங்க. அப்புறம் ஷனஹான் வாஷிங்டனுக்குப் போனப்ப அவர் கீழ யார் யார் வேலை பாத்தாங்கன்னு பாத்தா ஆச்சரியமா இருக்கும், மகன் கைல் ஷனஹான், மேட் லஃப்ளூர், ஷான் மெக்வே. மெக்வே காலேஜ்ல ரிசீவரா ஆடினவர், வாஷிங்டன்ல டைட் எண்ட் கோச்சா இருந்தவர். ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் ராம்ஸ் டீமுக்கு ஹெட் கோச் ஆனதும் ரிசீவருங்களை டைட் எண்ட் மாதிரி உள்ள இழுத்து நிக்க வெச்சதுல எனக்கு ஒரு வியப்பும் இல்லை.

ராம்ஸ்னா கூப்பர் கப். 2017 டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் ஆட்டக்காரங்களை டீமுங்க ரவுண்டு ரவுண்டா தேர்ந்தெடுக்கறதுல, மூணாவது ரவுண்டுல எடுத்தாங்க, ஆறடி ரெண்டு அங்குலம், பெரிய வேகம் இல்லைன்னு சொன்னாங்க. 2021ல 145 கேட்ச், 1,947 யார்ட், 16 டச்டவுன், மூணுலயும் லீக்லயே முதலிடம், அந்த சீசன் சூப்பர் பவுல்லயும் அவர்தான் எம்விபி, அதாவது சிறந்த ஆட்டக்காரர். இந்த நம்பரெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவ்வளவு கேட்ச் பிடிச்ச ஆள் அதே சீசன்ல லைன் பக்கத்துல வந்து தன்னைவிடப் பெரியவங்க மேல போய் மோதினதை எத்தனை பேர் பாத்தோம்? 2018 சீசன்ல நவம்பர் மாசம் அவருக்கு முட்டியில ஏசிஎல்ங்கற தசைநார் கிழிஞ்சுது, அந்த சீசன் சூப்பர் பவுல்ல பேட்ரியாட்ஸுக்கு எதிரா ராம்ஸ் எடுத்தது வெறும் 3 பாயிண்ட். அவர் இல்லாததுதான் ஒரே காரணம்னு சொல்ல மாட்டேன், பேட்ரியாட்ஸோட பிளான் அன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு, ஆனா கேட்ச்சோட சேர்ந்து ஒரு பிளாக்கரும் போயிட்டார்ங்கறது என் கருத்து. பின்னாடி அதே ராம்ஸ்ல பென் ஸ்கோரனெக்னு ஒரு ரிசீவர், 2022ல அவரை ஃபுல்பேக்காவே நிக்க வெச்சாங்க.

லஃப்ளூர் கிரீன் பே பேக்கர்ஸ் டீமுக்குப் போனார். அங்க ஆலன் லசார்ட். ஆறடி அஞ்சு அங்குலம், 227 பவுண்டு, 2018 டிராஃப்ட்ல ஒரு டீமும் எடுக்கலை. இன்னொரு டீமோட பிராக்டிஸ் ஸ்குவாட்ல, அதாவது பயிற்சிக் குழுவுல இருந்தவரை பேக்கர்ஸ் கூட்டிட்டு வந்தாங்க. அவர் பிளாக் பண்றதைப் பாத்தா பிடிக்காதவங்களுக்கும் பிடிக்கும், விசில் அடிக்கற வரைக்கும் காலை நிறுத்த மாட்டார்.

எதிர்த் திசையிலயும் இது நடக்கும். ரிசீவரா வந்து முழுசா டைட் எண்டாவே மாறிட்டவங்க. ஷானன் ஷார்ப் 1990ல ஏழாவது ரவுண்டுல ரிசீவரா வந்தார், டைட் எண்ட் ஆனார், அந்த இடத்துல ஆடி 10,000 யார்ட் தாண்டின முதல் ஆள் அவர்தான், 2011ல ஹால் ஆஃப் ஃபேம். டேரன் வாலர் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். ஜார்ஜியா டெக் காலேஜ்ல கோச் பால் ஜான்சன் ட்ரிபிள் ஆப்ஷன்ங்கற ஆட்ட முறையை ஆட வெச்சார், அதுல பந்தை எறியறதே அபூர்வம், ரிசீவர்னா முக்கால்வாசி நேரம் பிளாக் பண்ணணும். அங்க இருந்து வர்ற ரிசீவருக்கு கேட்ச் எண்ணிக்கை கம்மி, அதனால மதிப்பும் கம்மி. வாலரை 2015ல ஆறாவது ரவுண்டுல ரேவன்ஸ் எடுத்து டைட் எண்டா மாத்தினாங்க, அப்புறம் போதைப் பழக்கத்தால சஸ்பென்ஷன், அதுல இருந்து மீண்டு ரெய்டர்ஸுக்குப் போய் 2020ல 107 கேட்ச். காலேஜ்ல யாரும் கண்டுக்காத அந்தப் பயிற்சி அவர் உடம்புலயே இருந்துச்சுன்னு நான் நம்பறேன்.

உடம்பு பெருசா இருந்தாத்தான் ஆகும்னு இல்லை, ஹைன்ஸ் வார்டை விட்டுட்டு இதைப் பேச முடியாது. ஆறடி, 205 பவுண்டு, அவ்வளவுதான். ஸ்டீலர்ஸ்ல 1,000 கேட்ச் பிடிச்சவர், ஆனா லைன்பேக்கருங்க பயந்தது அவரோட பிளாக்குக்கு. 2008ல சின்சினாட்டி லைன்பேக்கர் கீத் ரிவர்ஸ் வேற பக்கம் பாத்துட்டு ஓடும்போது வார்ட் அடிச்சதுல ரிவர்ஸுக்குத் தாடை உடைஞ்சுது. அன்னிக்கு அது விதிப்படி சரி. அடுத்த வருஷமே பாக்காத ஆளோட தலையில கழுத்துல அப்படி அடிக்கறதைத் தடை பண்ணினாங்க, 2019ல தன் கோல் லைன் பக்கமா திரும்பி வந்து தோளாலயோ தலையாலயோ பலமா மோதற பிளைண்ட்சைட் பிளாக்கையே முழுசா எடுத்துட்டாங்க. எடுத்தது சரிதான், ஒருத்தரோட தாடையை உடைச்சு வாங்கற அஞ்சு யார்ட் எனக்கு வேண்டாம். இப்ப கிராக் பிளாக் பண்றவர் கையை முன்னாடி வெச்சு, எதிராளி நெஞ்சைப் பாத்து, ஓட்டத்தைக் கட்டுப்படுத்திட்டு வரணும். முன்னைவிடக் கஷ்டமான கலை ஆயிடுச்சு, அதனாலதான் இப்ப இதை நல்லா செய்யறவங்களை இன்னும் உயர்வா நினைக்கறேன்.

ஆனா பணம்னு வரும்போது என்ன ஆகுதுன்னு பாருங்க. 2014ல நியூ ஆர்லீன்ஸ் செயின்ட்ஸ் அவங்க டைட் எண்ட் ஜிம்மி கிரஹாமை ஃபிராஞ்சைஸ் டேக் போட்டு, அதாவது அவர் இடத்துக்குன்னு நிர்ணயிச்ச ஒரு வருஷ சம்பளத்துல தங்ககிட்டயே வெச்சாங்க. டைட் எண்ட்னா அந்த வருஷம் சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவர்னா சுமார் 1 கோடியே 23 லட்சம். முந்தின சீசன்ல பாதிக்கு மேல நான் லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் நடுவுல இருக்கற ஸ்லாட்லயும் ஓரத்துலயும்தான் நின்னேன், நான் ரிசீவர்னு கிரஹாம் வழக்குக்குப் போனார். டேக்கிள்ல இருந்து நாலு யார்டுக்குள்ள நின்னா அது டைட் எண்ட் இடம்தான்னு ஆர்பிட்ரேட்டர் தீர்ப்பு சொன்னார், கிரஹாம் தோத்தார். பின்னாடி நாலு வருஷத்துக்கு 4 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார்ங்கறது வேற விஷயம். என் ஆதங்கம் இதுதான்: டைட் எண்ட் ரிசீவர் மாதிரி ஓடினா டைட் எண்ட் சம்பளம், ரிசீவர் டைட் எண்ட் மாதிரி இடிச்சாலும் கேட்ச்சை எண்ணித்தான் சம்பளம். ரெண்டு பக்கமும் அந்தக் கூடுதல் வேலைக்குத் தனியா ஒரு விலை கிடையாது. உடம்பு தேயறது மட்டும் நிஜம், தோள், விரல், கணுக்கால் எல்லாம்.

கடைசியா ஒரு ஆளைப் பத்திச் சொல்லிட்டு வீடியோவுக்குப் போயிடலாம். சான் ஃபிரான்சிஸ்கோ, கோச் கைல் ஷனஹான், ரிசீவர் ஜுவான் ஜென்னிங்ஸ், ஆறடி மூணு அங்குலம், 2020ல ஏழாவது ரவுண்டு. வருஷம் பூரா லைன்பேக்கருங்களை இடிச்சுட்டு இருந்தவர், 2024 பிப்ரவரியில சூப்பர் பவுல்ல ஒரு டச்டவுன் எறிஞ்சார், ஒரு டச்டவுன் பிடிச்சார், சூப்பர் பவுல்ல ரெண்டையும் செஞ்சவர் அதுக்கு முன்னாடி நிக் ஃபோல்ஸ் ஒருத்தர்தான். ஓவர்டைம்ல கான்சாஸ் சிட்டிகிட்ட 25-22ன்னு தோத்தாங்க, அது வலிக்குது. அவர் எறிஞ்ச அந்தப் பந்தை வாங்கி 21 யார்ட் ஓடிப் போனவர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி. நான் முதல்ல சொன்ன டென்வர் ரிசீவர் எட் மெக்காஃப்ரியோட மகன், அந்த அப்பாவுக்குக் கோச்சா இருந்தவரோட மகன் இவருக்குக் கோச்.

விளக்கை அணைச்சுடுங்க. முதல் கிளிப் ஜென்னிங்ஸ், ஜெர்சி நம்பர் 15. ரன்னிங் பேக் எங்க போறார்னு பாக்காதீங்க, 15 எங்க நிக்கறார், ஸ்னாப் ஆனதும் முதல் ரெண்டு அடி எந்தப் பக்கம் வைக்கறார்னு பாருங்க, அங்க நிறுத்தி நிறுத்திப் போடறேன்.