நாட்டை உருவாக்கியவர் சொபூசாவே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தென்னாப்பிரிக்காவுக்கும் மொசாம்பிக்குக்கும் நடுவே இருக்கிற எசுவாத்தினியை, அதாவது பழைய சுவாசிலாந்தை, உருவாக்கியவர் முதலாம் சொபூசாவா, அவர் மகன் இரண்டாம் ம்ஸ்வாத்தியா என்பது இன்றைய வழக்கு. நான் சொபூசாவுக்காக வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, ம்ஸ்வாத்தியின் படைகள் வடக்கே வெகுதூரம் போய்த் தாக்கியதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அதோடு, 'சொபூசா ஓடிப்போனவர்' என்றும் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை.

என்ன நடந்தது? சொபூசா அரியணை ஏறியது 1815 வாக்கில். பொங்கோலா ஆற்றங்கரை விளைநிலத்துக்காக பக்கத்து ந்துவாந்துவே குலத்து அரசர் ஸ்விடேயோடு தகராறு. ஸ்விடேயின் படை வந்து ஷிசெல்வேனித் தலைநகரை எரித்தது. வீம்புக்கு அங்கேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் காலத்துப் போர்களில் எத்தனையோ குலங்கள் சிதறிப்போயின. சொபூசா தம் மக்களைக் கூட்டிக்கொண்டு வடக்கே ம்ட்சிம்பா மலைப் பக்கம் போனார். பதுங்கக் குகைகள் இருந்த இடம் அது. அங்கே முன்பே வாழ்ந்த குலங்களில் எதிர்த்தவர்களை அடக்கினார், மறுக்கவில்லை. ஆனால் பணிந்து வந்தவர்களின் தலைவர்களைத் தலைவர்களாகவே இருக்கவிட்டார். பல குலங்கள் ஒரே அரசின் கீழ் வந்தது அப்படித்தான்.

அப்புறம் அவர் செய்ததுதான் என்னை வியக்க வைக்கிறது. தம் ஊரை எரித்த அதே ஸ்விடேயின் மகள் தண்டிலேயை மணந்துகொண்டார்! எதிரணி கொண்டாடுகிற ம்ஸ்வாத்தி அந்தத் தாய் வயிற்றில் பிறந்தவர். நாடு முழுவதற்குமான வயதுவாரிப் படைப்பிரிவுகள், அங்கங்கே அரச ஊர்கள் என்று ம்ஸ்வாத்தியின் ஆட்சிக்குப் பலம் தந்த ஏற்பாடுகளில் தண்டிலேயின் கை பெரிது என்று வரலாற்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தகப்பன் கட்டிய உறவு மகனுக்குப் படையாக வந்து நின்றது, நடுவர் அவர்களே.

சூலு இன அரசர் ஷாகாவுக்கு அரச குலப் பெண்களை அனுப்பினாரே என்று கேட்டார்கள். அனுப்பினார். அந்தப் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் மண்ணை விட்டுக்கொடுத்தது யார்? 1846-ல் போயர்களுக்கு, அதாவது டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளுக்கு, நிலத்தை எழுதிக்கொடுத்தது ம்ஸ்வாத்தியின் ஆட்சியில்தான். எதிரணி அந்தப் பக்கமே போகவில்லை.

நாட்டின் பெயரே ம்ஸ்வாத்தியின் பெயர்தானே என்றார்கள். சரி. 1968 செப்டம்பர் 6-ல் விடுதலை வந்ததே, அந்தத் திருநாளை அந்த மக்கள் யார் பெயரால் அழைக்கிறார்கள்? சோம்லோலோ நாள் என்று. சோம்லோலோ என்பது நம் சொபூசாதான்.

கடைசியாக ஒன்று. 1839, சொபூசாவின் காலம் முடிந்த ஆண்டு. அந்த ஆண்டுதான் ஷாகாவுக்குப் பின் வந்த சூலு அரசர் டிங்கானேயின் படை சுவாசி மண்ணில் புகுந்து, லுபுயாவில் தோற்றுத் திரும்பியது. அன்று ம்ஸ்வாத்தி இன்னும் சிறுவன். லுபுயாவில் நின்று வென்ற அந்தப் படையைத் திரட்டி வைத்தது யார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.