காய்ச்சலும் வேண்டும் காப்பிக்கு

(ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து நாட்களில் ஏற்காட்டில் நடந்த ஒருநாள் தியானக் கூடுகையில் ஆற்றிய உரை)

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

அடிவாரத்தில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி இங்கே இறங்கியதும் சால்வையைத் தேடினீர்கள். ஆனால் நீங்கள் குளிர்காற்று வாங்க மட்டும் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். பணி ஓய்வு பெற்று, காலையில் எங்கே போவது என்று புரியாமல் நிற்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தனித்துப்போன தாய்மார் இருக்கிறீர்கள். துணையை அடக்கம்பண்ணிய பிறகு இன்றுதான் வாசற்படி தாண்டியவரும், வேலைக்காகப் பெங்களூர் போகவிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலை நமக்கு ஒத்தாசை செய்யாது. 121ஆம் சங்கீதக்காரன் பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கிறான். அடுத்த வசனத்திலேயே, ஒத்தாசை "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து" வரும் என்கிறான். 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்கள், பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் பாடியவை என்று சபை காலங்காலமாகச் சொல்லிவருகிறது. கால் தள்ளாடுமோ, பகல் வெயில் தாக்குமோ, இரவு எப்படிக் கழியுமோ என்ற வழிநடைக்காரனின் பயமெல்லாம் இந்தச் சங்கீதத்துக்குள் இருக்கிறது. மலையைப் பார்த்து மயங்கி நின்றவனுடைய பாட்டாக எனக்கு இது கேட்பதில்லை. போய்ச் சேரவேண்டியவனுடைய பாட்டு இது.

அப்படியென்றால் இந்த மலையை நாம் ஏன் பார்க்க வேண்டும்? காட்டுப்புஷ்பங்களைக் கவனித்துப்பாருங்கள் என்று ஆண்டவரே சொன்னார். 'அழகு' என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் போகச் சொல்லவில்லை. அவை எப்படி வளருகின்றன என்று கவனிக்கச் சொன்னார். ஆகவே இன்று மதியம் காப்பித் தோட்டத்துக்குள் போகும்போது கவனியுங்கள். இலைக்காம்பு சேரும் கணுக்களில் சின்னச்சின்ன மொட்டுகள் கொத்தாக ஒட்டியிருக்கும். பூ இருக்காது. மண் காய்ந்து, இலைகூடச் சற்றுத் தொங்கிப்போயிருக்கும். பார்க்கிறவர்கள் செடி வாடுகிறது என்பார்கள்.

தோட்டக்காரர்களைக் கேளுங்கள். இந்தக் காய்ச்சல் இல்லையென்றால் விளைச்சல் இல்லை என்பார்கள். பனிக்காலம் முடிந்து மண் காயும் இந்த வாரங்களில் மொட்டு வளராமல் அடங்கிக் கிடக்கிறது. தண்ணீர்க் குறைவைத் தாங்கிய மொட்டுதான் மழைக்கு ஒழுங்காக விழிக்கும். நடுவில் அடிக்கடி ஈரம் பட்டால் ஒன்று இன்றைக்கும் ஒன்று அடுத்த மாதமும் என்று பூ தாறுமாறாகப் பூக்கும். பழமும் அப்படியே முன்னும் பின்னுமாகப் பழுக்கும். மார்ச், ஏப்ரலில் வந்து மொட்டை மலரவைக்கும், தோட்டக்காரர்கள் 'பூ மழை' என்கிற மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், சுமார் பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூத்து, மல்லிகை போல மணக்கும். அந்த வெள்ளையும் இரண்டு மூன்று நாள்தான். பிறகு பூ உதிர்ந்து, பழம் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

துக்கத்தில் இருக்கிறவரிடம் போய், "இது நல்லதுக்குத்தான்" என்று சொல்ல இந்தக் காப்பிச்செடியை நான் பயன்படுத்த மாட்டேன். அப்படிச் சொல்வது கொடுமை. நான் சொல்வது வேறு. ஜெபிக்க வார்த்தை வராத, வேதத்தைத் திறந்தால் எழுத்து மட்டும் தெரிகிற நாட்களைத் தேவன் கைவிட்ட நாட்களாக எண்ணவேண்டாம். மொட்டு அங்கேதான் இருக்கிறது. மழையை வரவழைப்பது மொட்டின் வேலையும் அல்ல.

இன்னொன்றும் அந்தத் தோட்டத்தில் உண்டு. காப்பியின் தாய்மண் எத்தியோப்பியா. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன்மேல் ஏறும் மிளகுக்கொடி மட்டும் நம் தென்னகத்துக்காரி. வேற்றூரில் மகன் வீட்டோடு போய் இருக்கவேண்டிய அம்மாக்கள் அந்த மரத்தடியில் சற்று நேரம் நில்லுங்கள்.

இனி எலியா தீர்க்கதரிசியிடம் வருகிறேன். தன்னைக் கொல்லத் தேடிய ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடினவர், சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தந்து தூங்கவிட்டார். பிறகு 40 நாள் நடந்து ஓரேப் மலைக்கு வந்தார். காற்று, பூமி அதிர்ச்சி, அக்கினி என்று மலையே குலுங்கியது. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. அந்தச் சத்தம் ஆறுதல் சொன்னதா? "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று கேட்டது. வந்த வழியே திரும்பிப் போ என்றது.

நான் ஒருவன் மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று புலம்பினவருக்கு, இன்னும் 7,000 பேர் இருக்கிறார்கள் என்ற பதில் கிடைத்தது. ஒரு தோழனும் கிடைத்தான். எலிசா ஓரேப்பின் உச்சியில் காத்திருக்கவில்லை. 12 ஏர் பூட்டி வயலில் உழுதுகொண்டிருந்தான்.

நான்கு மணிக்கு வண்டி கிளம்புகிறது. அதற்குள் தோட்டத்தில் நடந்துவிட்டு வாருங்கள். மொட்டைக் கிள்ளவேண்டாம், வேலை செய்கிறவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம். பிறகு, இன்று நம்மோடு மலையேற முடியாமல் சேலத்தில் படுக்கையிலோ தனிமையிலோ இருக்கிற ஒருவருடைய பெயரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அஸ்தம்பட்டியோ சூரமங்கலமோ, எங்கே இருந்தாலும் சரி. ஞாயிறு ஆராதனைக்கு முன் இருவர் இருவராக அந்த வீடுகளுக்குப் போய்வருவோம்.