காட்டுத்தீ சீசன்ல சிட்னி தெற்குக் கடற்கரை: டென்ட் போடுறதுக்கு முன்னாடி ரோடைப் பாருங்க

வணக்கம் மக்களே. சிட்னியிலேர்ந்து பிரின்சஸ் ஹைவே பிடிச்சு பேட்மன்ஸ் பே, ஈடன், பார்டர் தாண்டி விக்டோரியா மாநிலத்துல மல்லகூட்டா. கோடை லீவுல பாதி ஊரே டென்ட்டோட கிளம்புற ரூட் இது. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துல அக்டோபர் 1லேர்ந்து மார்ச் 31 வரைக்கும் சட்டப்படியே காட்டுத்தீ அபாயக் காலம். லீவு முழுக்க அதுக்குள்ளதான் வருது.

மேப்பைப் பெருசாக்குறேன், பாருங்க. ஹைவே வடக்கு தெற்கா போகுது. கேம்ப் இடங்கள் பெரும்பாலும் அதுலேர்ந்து பிரிஞ்சு கடல்ல முட்டி நிக்கிற சின்ன ரோட்டுலதான். முர்ராமராங் தேசியப் பூங்காவுல பெப்ளி பீச், கங்காரு புல்வெளியில மேயும், அவ்வளவு அழகு. ஆனா உள்ள போற ரோடும் வெளிய வர்ற ரோடும் ஒண்ணுதான், சுத்தி யூகலிப்டஸ் காடு. மல்லகூட்டாவுக்கு, ஹைவேயில இருக்கிற ஜெனோவா ஊர்லேர்ந்து 23 கிலோமீட்டர், அதுவும் ஒரே ரோடு. 2019 டிசம்பர் 31 அன்னைக்குக் காட்டுத்தீ வந்து சுமார் 4000 பேர் அங்க கரையில மாட்டிக்கிட்டாங்க. ஜனவரி 3ஆம் தேதி ஆயிரம் பேருக்கு மேல கடற்படைக் கப்பல்லதான் வெளிய வந்தாங்க.

இப்போ காத்து. இதைத்தான் பலர் தப்பாப் புரிஞ்சுக்குறாங்க. மோசமான நாள்ல உள்நாட்டுலேர்ந்து வடமேற்குக் காத்து அனலா அடிக்கும். தீ கடலைப் பாத்து ஒல்லியா, நீளமா ஓடும். அப்புறம் திடீர்னு தெற்குக் காத்து திரும்பும். உடம்புக்கு ஜில்லுன்னு இருக்கும், அப்பாடான்னு தோணும். ஆபத்து அப்போதான். அதுவரைக்கும் தீயோட பக்கவாட்டா இருந்த, உதாரணத்துக்கு 10 கிலோமீட்டர் ஓரம், காத்து மாறின உடனே 10 கிலோமீட்டர் அகல முகப்பாகி வடக்கே கிளம்பும். உங்களுக்குத் தெற்கே எரியுற தீயை 'நம்ம பக்கம் இல்லை'ன்னு விட்டுடாதீங்க.

அதனால சாயங்காலம் 5 மணிக்கு ஒரு செக், தினமும். முழுத் தீத் தடை, அதாவது வெளியில தீ மூட்டவே கூடாதுங்கிற உத்தரவு, பொதுவா முந்தின நாள் மதியத்துக்கு மேல அறிவிப்பாங்க, நள்ளிரவுலேர்ந்து 24 மணி நேரம். நியூ சவுத் வேல்ஸுக்கு ஹசார்ட்ஸ் நியர் மீ, விக்டோரியாவுக்கு விக்எமர்ஜென்சி. ரெண்டு ஆப்பும் வேணும். தீ அபாய ரேட்டிங் நாலு: மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ராஃபிக். நாளைக்கு எக்ஸ்ட்ரீம்னு வந்தா இன்னைக்கே டென்ட்டைப் பிரிங்க. ஒரே ரோடு உள்ள இடத்துல ஆப்ல மஞ்சள் 'அட்வைஸ்', அதாவது முதல் கட்ட எச்சரிக்கை, வந்தாலே கிளம்புற நேரம். அடுத்த கட்டமான ஆரஞ்சு வர்றதுக்குள்ள ரோடு மூடியிருக்கலாம்.

எங்க போறதுன்னும் முன்னாடியே முடிவு பண்ணுங்க. அடுத்த கேம்புக்கு இல்லை, நவ்ரா, வொலாங்காங் மாதிரி பெரிய ஊருக்கு. கான்பெராவுக்கு கிங்ஸ் ஹைவே இருக்கேன்னு நினைக்காதீங்க. அது கிளைட் மலைக்காட்டு வழியா ஏறுது. 2019-20 காட்டுத்தீயில அதையும் மூடினாங்க.

கரன்ட் போச்சுன்னா பெட்ரோல் பம்ப், கார்டு மெஷின், கொஞ்ச நேரத்துல போன் டவர், எல்லாம் நிக்கும். டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க, ஒரு டேங்க் அடிக்கிற அளவுக்கு நோட்டா கையில வைங்க. பேட்டரி ரேடியோவுல, அரசு ஒலிபரப்பான ஏபிசி லோக்கல் கேளுங்க. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளைக்கு 3 லிட்டர் தண்ணி, அதுக்கு மேல ரெண்டு நாள் கூடுதலா. ஆளுக்கு ஒரு முழுக்க கம்பளியில செஞ்ச போர்வை. பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கும். தடை நாள்ல கேஸ் அடுப்பை நம்பாதீங்க, பிரெட், டின் மீன் மாதிரி சமைக்காம சாப்பிடுறது வைங்க. காரை வெளிய பாத்த மாதிரி நிறுத்துங்க, காய்ஞ்ச புல் மேல வேண்டாம், சைலன்சர் சூட்டுலயே புல் பத்திக்கும்.

ரோடு மூடிட்டாங்கன்னா காட்டு வழியா முட்டிப் பாக்காதீங்க. மரம் செடி இல்லாத திறந்த மணல், தண்ணி ஓரம், கம்பளியைப் போத்திக்கிட்டு அங்க இருங்க. அவசரத்துக்கு 000.