அடுத்த யூனிட் என்ன விலை? சிலிண்டர், கரண்ட், பெட்ரோல்: ஒரு வீட்டுக் கணக்கு

[திரை: கேஸ் அடுப்பில் ஒரு எவர்சில்வர் பாத்திரம். பக்கத்தில் இண்டக்ஷன் அடுப்பில் அதே அளவு பாத்திரம். இரண்டிலும் 1 லிட்டர் தண்ணீர்.]

ரெண்டு பாத்திரத்துலயும் ஒரே அளவு தண்ணி. குழாயில பிடிச்சப்போ 30 டிகிரி. கொதி வர்றதுக்குள்ள எந்த அடுப்பு அதிகக் காசைத் தின்னும்?

கேஸ்ல, மூடி போட்டு, பர்னரும் சுத்தமா இருந்தா, 10, 11 கிராம் எரியும். 2025 ஏப்ரல்ல 50 ரூபாய் ஏறினப்போ சென்னையில 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு. அந்த விலைக்கு கிராம் 6 காசு சொச்சம். ஆக, 65 காசு.

இண்டக்ஷன்ல அதே வேலைக்கு 0.1 யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்கு 2025 கட்டணத்துல என்ன காசு? 23 காசாவும் இருக்கலாம், 45 காசாவும் இருக்கலாம், 80 காசாவும் இருக்கலாம். அதே வீடு, அதே அடுப்பு, அதே மீட்டர்தான். நீங்க எந்த ஸ்லாப்ல, அதாவது எந்த விலைப் படியில, நிக்கிறீங்கன்னு பார்த்துதான் விலை.

[திரை: வீட்டு மின்கட்டணம், இரண்டு மாதக் கணக்கு.]

தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு ரீடிங். 2024 ஜூலை உயர்வுக்கு அப்புறம், 2025லயும், மானியம் போக வீட்டுக்காரர் கட்டினது இது. முதல் 100 யூனிட் இலவசம். 200 வரை 2 ரூபாய் 35 காசு. 400 வரை 4.70. 500 வரை 6.30. 500ஐத் தாண்டினா அடுத்த 100 யூனிட்டுக்கு 8.40, அதுக்கு மேல 9.45ன்னு ஏறிக்கிட்டே போகும்.

அந்தக் கட்டணத்துல 500ஐத் தாண்டும்போது இன்னொண்ணும் நடக்கும். அந்த 2.35 சலுகை காணாமப் போயிடும். 101லேர்ந்து 200 வரைக்கும் சேர்த்து 4.70 போட்டுடுவாங்க. 500 யூனிட் ஓடின வீட்டுக்கு பில் 1,805 ரூபாய். 501 ஓடினா 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒத்தை யூனிட்டோட விலை 243 ரூபாய்!

இப்போ சிலிண்டரை யூனிட்டா மாத்துவோம். ஒரு கிலோ கேஸ்ல சுமார் 12.8 யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கு. 14.2 கிலோவுக்கு 182. கேஸ் அடுப்புல அதுல 60 சதவீதம் பாத்திரத்துக்குள்ள போகும், மிச்சம் சமையலறையைச் சூடாக்கும். இண்டக்ஷன்ல 85 சதவீதம் உள்ள போகும். கணக்கு போட்டா, ஒரு சிலிண்டர் செய்யிற வேலையை இண்டக்ஷன் சுமார் 130 யூனிட்ல முடிச்சுடும். 2025 ஏப்ரல் விலையான 868 ரூபாயை 130ஆல வகுத்தா 6 ரூபாய் 70 காசு. நீங்க எரிக்கப்போற அடுத்த யூனிட் அதுக்குக் கீழ இருந்தா இண்டக்ஷன், மேல போனா கேஸ்.

[திரை: ஒரே வீட்டின் மார்கழி பில், பக்கத்தில் சித்திரை பில்.]

மார்கழியில ஏசி ஓடாது. ஒரு வீட்டுல 260 யூனிட்னு வைங்க, அந்த 2025 கட்டணத்துல பில் 517 ரூபாய். ஒரு சிலிண்டர் சமையலை முழுக்க இண்டக்ஷனுக்கு மாத்தினா 390 யூனிட், 1,128 ரூபாய். கூடுதல் 611. சிலிண்டர் மிச்சம் 868. கையில 257 ரூபாய் நிக்கும்.

அதே வீடு, சித்திரை மாசம். ஏசியோட 450 யூனிட், 1,490 ரூபாய். இதுக்கு மேல அதே 130ஐப் போடுங்க. 580 யூனிட், 2,712 ரூபாய். கூடுதல் 1,222. சிலிண்டரை மிச்சம் பிடிக்கப்போய் 350 ரூபாய்க்கு மேல கைநஷ்டம்.

2023 மார்ச்சுல சென்னையில சிலிண்டர் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போச்சு. அந்த விலையில 8 ரூபாய் 60 காசு வரைக்கும் இண்டக்ஷன் தாங்கும். அப்போ அவசரமா வாங்கின அடுப்பு சில வீட்டுல பின்னாடி பரண் மேல ஏறிடுச்சு. அடுப்பு மேல தப்பில்ல, கணக்குதான் மாறிடுச்சு. ஆகஸ்ட் கடைசியில 200 ரூபாய், அடுத்த மார்ச்சுல 100 ரூபாய் இறங்கினதும் அந்த எல்லைக்கோடு கீழ வந்துடுச்சு.

அதனால ரெண்டையும் வச்சுக்கிட்டு, மீட்டரைப் பார்த்து மாத்தி மாத்திப் பயன்படுத்துறதுதான் கெட்டிக்காரத்தனம். ரீடிங் எடுத்த அன்னைக்கு மீட்டரை ஒரு போட்டோ எடுத்து வைங்க. 45வது நாள் திரும்பப் பாருங்க. 380ஐத் தாண்டியிருந்தா, பாக்கி 15 நாளுக்கு இண்டக்ஷனை மூட்டை கட்டிடுங்க. 250ல நின்னா, பால், வெந்நீர், சாதம் எல்லாத்தையும் தாராளமா அதுல வைக்கலாம்.

[திரை: பிளக் பாயிண்ட் நெருக்கத்தில். ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக்.]

இதைப் பாருங்க. 2,000 வாட் அடுப்பு 230 வோல்ட்ல 9 ஆம்பியர் கிட்ட இழுக்கும். இது 6 ஆம்பியர் பாயிண்ட். பத்து நாள் தாங்கும், அப்புறம் உள்ள இருக்கிற பித்தளைப் பிடி சூட்டுல தளர்ந்து, தளர்ந்ததால இன்னும் சூடாகி, இப்படி உருகும். மல்டி பிளக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் கூடவே கூடாது. கீசருக்குப் போடுற மாதிரி 16 ஆம்பியர் பாயிண்ட், அதுக்குத் தகுந்த தடிமன்ல வயர். வீட்டுல இல்லைன்னா அந்தச் செலவையும் கணக்குல சேருங்க.

பாத்திரத்தோட அடியில காந்தம் ஒட்டணும். சாதா அலுமினியக் குக்கர்ல ஒட்டாது. அடி வளைஞ்ச பாத்திரம் ஒட்டினாலும் பிரயோஜனமில்ல, நடுவுல மட்டும் சூடாகி அடிபிடிக்கும்.

கேஸ் பக்கமும் வேலை இருக்கு. சுடர் நீலமா இருக்கணும். மஞ்சளா எரிஞ்சு பாத்திரத்துல கரி பிடிச்சா காத்து பத்தலைன்னு அர்த்தம். பெரும்பாலும் கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டையை அடைச்சிருக்கும். பர்னரைக் கழட்டி, ஊறவச்சு, ஓட்டையை ஊசியால குத்தி, நல்லா காயவச்சு மாட்டுங்க. சின்னப் பாத்திரத்தைப் பெரிய பர்னர்ல வச்சு, சுடர் பக்கவாட்டுல ஏறி எரிஞ்சா, 65 காசுத் தண்ணி சுலபமா 90 காசைத் தொடும். கொதி வந்ததும் சிம்ல வைங்க. கொதிக்கிற தண்ணி எவ்வளவு எரிச்சாலும் 100 டிகிரிதான், அதிகத் தீயில ஆவிதான் கூடும், அரிசி சீக்கிரம் வேகாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு கேஸ் போகுதுன்னு தெரியணுமா? சிலிண்டர் கழுத்துக்கிட்ட வெறும் சிலிண்டரோட எடை பொறிச்சிருக்கும், 15, 16 கிலோ சுமாருக்கு. வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழட்டிட்டு, எடை மெஷின்ல நிமிர்த்தி வைங்க. பொறிச்ச எடையைக் கழிச்சா மிச்சக் கேஸ். பத்து நாள் கழிச்சுத் திரும்பவும் எடை போட்டா நாள் கணக்கு வந்துடும். 45 நாள் வர்ற வீட்டுல அது 315 கிராம்.

கிராமத்துல இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்யிறாங்க. காபிக்குக் கேஸ், குளிக்கிற வெந்நீருக்குத் தென்னை மட்டை. வெப்பத்துல பெரும்பகுதி வீணாப் போற அடுப்புதான், புகையும் வேற. ஆனா மட்டைக்குக் காசு இல்ல.

[திரை: பெட்ரோல் பங்க். பம்ப்பின் எண்கள் ஓடுகின்றன.]

இனி வண்டி. விலை எப்படி ஆளையே மாத்தும்னு பார்க்க 2012க்குப் போகணும். அந்த மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய்க்கும் கீழ. பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை 2010லயே எடுத்துட்டாங்க, டீசலை எடுக்கல. 32 ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து ஜனங்க டீசல் காருக்கு வரிசையில நின்னாங்க, அந்த வருஷம் வித்த கார்கள்ல பாதிக்கு மேல டீசல். லிட்டருக்கு பெட்ரோல் கார் 16, டீசல் 20 ஓடும்னு வைங்க. கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம். டீசல் காருக்குக் கூடக் கொடுத்த ஒரு லட்சம் 40 ஆயிரம் கிலோமீட்டர்ல திரும்பி வந்துடும். 2014 அக்டோபர்ல டீசல் கட்டுப்பாடும் போச்சு, வித்தியாசம் சுருங்கிச்சு. 2025ல சென்னையில பெட்ரோல் 101, டீசல் 92. அதே ஒரு லட்சம் திரும்ப 60 ஆயிரம் ஓட்டணும். 2020ல பிஎஸ்-6ங்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்து டீசல் இன்ஜின் விலை இன்னும் ஏறினப்போ மாருதி டீசலையே விட்டுடுச்சு.

மைலேஜ்ங்கிற எண்ணுலயே ஒரு ஏமாத்து இருக்கு. வீட்டுல ரெண்டு வண்டி. பெருசு லிட்டருக்கு 10, சின்னது 20. பெருசை 12 ஆக்கலாம், இல்ல சின்னதை 24 ஆக்கலாம். எது லாபம்? 4 கூடுதேன்னு சின்னதைச் சொல்லத் தோணும். 1,000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க. பெருசு 100 லிட்டர்லேர்ந்து 83க்கு வருது, 17 லிட்டர் மிச்சம். சின்னது 50லேர்ந்து 42, மிச்சம் 8 லிட்டர்தான். முதல்ல பெரிய வண்டியைக் கவனிங்க.

டேஷ்போர்டு காட்டுற மைலேஜை நம்பாதீங்க. ஒரே பங்க், ஒரே பம்ப், டேங்க் நிரம்பி பம்ப் தானா நிக்கிற முதல் ஆட்டோ கட்ல நிறுத்தி, ட்ரிப் மீட்டரை பூஜ்யம் பண்ணுங்க. அடுத்த தடவை அதே மாதிரி போட்டு, ஓடின தூரத்தை அப்போ போட்ட லிட்டரால வகுங்க. 412 கிலோமீட்டர், 27.4 லிட்டர்னா 15. கம்பெனி 20 சொன்னாங்களேன்னு சண்டைக்குப் போக வேண்டாம். அந்தச் சோதனையில ஏசி கிடையாது, வேகமும் 90ஐத் தாண்டாது. மூணு டேங்க் சராசரி பார்த்தப்புறம் முடிவு பண்ணுங்க.

திடீர்னு 15 போய் 13 ஆனா? முதல்ல டயர் காத்து. டிரைவர் கதவைத் திறந்தா ஸ்டிக்கர்ல அளவு இருக்கும். காலையில வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, டயர் சூடில்லாதப்போ பார்க்கணும். அது சரியா இருந்தா, பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்திட்டு நாலு வீலுக்கிட்டயும் கையைக் கொண்டு போங்க, தொட வேண்டாம். ஒண்ணு மட்டும் அனலடிச்சா அந்த பிரேக் விடாம உரசுது, பிரேக் கட்டையை அழுத்துற காலிப்பரோட பின் இறுகியிருக்கலாம். ஏர் ஃபில்டரை மாத்துங்கன்னு எல்லாரும் சொல்வாங்க. பெட்ரோலைக் கம்ப்யூட்டர் அளந்து தெளிக்கிற இன்ஜெக்ஷன் வண்டியில அழுக்கு ஃபில்டரால இழுவை குறையும், மைலேஜ் பெரிசா மாறாது.

பெட்ரோலே மாறியிருக்கு. எத்தனாலுக்கு பெட்ரோல்ல மூணுல ரெண்டு பங்கு சக்திதான். 10 சதவீதக் கலப்பு 20 ஆனப்போ லிட்டருக்குள்ள இருக்கிற சக்தி மூன்றரை சதவீதம் குறைஞ்சுது. 15 ஓடினது 14.5. அதுக்கு மேல குறைஞ்சா பழியை எத்தனால் மேல போட முடியாது.

[திரை: மலைப்பாதை வளைவு, இறக்கம்.]

கொல்லிமலை இறக்கத்துல நியூட்ரல் போட்டு பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. இன்ஜெக்ஷன் வண்டியில கியர்ல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா எரிபொருள் மொத்தமா நின்னுடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்துது. நியூட்ரல்ல இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் குடிச்சாகணும். பிரேக்கும் சூடேறிப் பிடிக்காமப் போகும். ரெண்டாவது, மூணாவது கியர்ல விடுங்க.

கடைசியா சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைச்ச இயற்கை எரிவாயு. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 25 கிலோமீட்டர்னு வச்சா, கிலோமீட்டர் 3 ரூபாய் 60 காசு. லிட்டருக்கு 16 ஓடுற பெட்ரோல் கார்ல, 101 ரூபாய் விலைக்கு, 6.30. வண்டிக்குக் கூடக் கொடுக்கிற 90 ஆயிரம் 33 ஆயிரம் கிலோமீட்டர்ல திரும்பும். மாசம் 1,500 ஓட்டுறவருக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள. ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுக்கிறவருக்கு பத்து வருஷம் ஆனாலும் ஆகும். நடுவுல மூணு வருஷத்துக்கு ஒருமுறை சிலிண்டரை அழுத்தச் சோதனைக்குக் கொண்டு போகணும். பல வண்டியில டிக்கியில பாதி இடமும் சிலிண்டருக்குத்தான், ஊர்லேர்ந்து அரிசி மூட்டை ஏத்துற வீடா இருந்தா அதையும் திறந்து பார்த்துட்டு புக் பண்ணுங்க.