ஸ்டீயரிங்கில் கேட்கும் 'டொக்'

நேயர்களுக்கு வணக்கம். பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அதன் சத்தமெல்லாம் பழகிப்போயிருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது வரும் 'டொக்' மட்டும் பழகுவதில்லை. அது காதில் கேட்பதோடு நிற்காமல் உள்ளங்கையிலும் தட்டும்.

கையில் தட்டுவதால் பழுதும் அங்கேயே என்று நினைத்துவிடுகிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு விடுமுறை நாள் முழுவதும் செலவழித்து, ஸ்டீயரிங் தண்டின் மேல் பேரிங்கை மாற்றினேன். எல்லாவற்றையும் பூட்டிவிட்டுத் திருப்பினேன். டொக்! வீட்டிலோ ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள்.

மாடியில் யாராவது குழாயைத் தட்டினால் கீழ்வீட்டில் கேட்பதில்லையா? ஸ்டீயரிங் தண்டும் இரும்புதான். அடியில் பிறக்கும் சத்தத்தை மேலே கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே காதை நம்பாதீர்கள், விரலை நம்புங்கள்.

மறுநாள் கைப்பிரேக்கைப் போட்டு, இஞ்சினை அணைத்தேன். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளாதபடி சாவியை மட்டும் விட்டுவைத்தேன். என் தம்பி இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை ஓர் அங்குலம் இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்தான். நான் பானெட்டைத் திறந்து தண்டின் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். யுனிவர்சல் ஜாயிண்ட்டில், அதாவது தண்டின் மேல்பாதியையும் கீழ்பாதியையும் இணைக்கும் மூட்டில், விரல் வைத்ததும் பிடிபட்டது. மேல்பாதி அசைந்த பிறகு, ஓர் இமைப்பொழுது தாமதித்துத்தான் கீழ்பாதி அசைந்தது. அந்தத் தாமதம்தான் 'டொக்'. மீண்டும் சொல்கிறேன்: காதை அல்ல, விரலை.

'டொக்' அல்லாமல் 'கிரீச்' என்று ரப்பர் உரசுவதுபோல் கேட்டால், தண்டு இஞ்சின் பக்கம் நுழையும் இடத்திலுள்ள ரப்பர் உறை காய்ந்திருக்கலாம். அதற்குச் சிலிகோன் கிரீஸ் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். இஞ்சின் ஓடும்போது மட்டும் முனகல் வந்தால், முதலில் பவர் ஸ்டீயரிங் எண்ணெயின் அளவைப் பாருங்கள்.

முன்சக்கரங்களின் பக்கமுள்ள உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: ஏர்பேக் உள்ள வண்டியானால் பேட்டரியைக் கழற்றி, தயாரிப்பாளர் சொல்லும் நேரம் காத்திருக்காமல் ஸ்டீயரிங்கைக் கழற்றத் தொடங்காதீர்கள். நன்றி, வணக்கம்.