தொட்டாற்சிணுங்கிக் குடல்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று மலத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் நிலையத்தார் கொஞ்சம் தயங்கினார்கள். 'சிலர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்களே, டாக்டர்' என்றார்கள். அப்படி யாராவது இருந்தால் ஒலியைக் குறைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆனால் இந்தத் தயக்கம்தான் நான் பேச வந்திருக்கும் நோயின் பாதிச் சுமை. வயிற்றுவலிக்காரர் அதை வெளியே சொல்லவே சில வருடங்கள் எடுத்துக்கொள்கிறார்.

இர்ரிடபிள் பவல் சிண்ட்ரோம் என்பது அதன் ஆங்கிலப் பெயர், ஐபிஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். தமிழில் 'எரிச்சல் கொண்ட குடல் நோய்' என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரோடு எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. கேட்டவர் உடனே, 'எனக்கு எரியவே இல்லையே, வலிதானே' என்பார். இங்கே எரிச்சல் என்பது நெருப்பின் எரிச்சல் அல்ல, ஒன்றுமில்லாததற்கெல்லாம் எரிந்து விழுகிறோமே, அந்த எரிச்சல். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் 'உங்களுக்கு இருப்பது தொட்டாற்சிணுங்கிக் குடல்' என்பேன். சிரித்துவிடுவார்கள். புரிந்தும் விடும்.

இந்த நோயை இனங்காண ரோம் வரையறை என்று ஒன்று இருக்கிறது. 2016-இல் வந்த அதன் நான்காம் பதிப்பு சொல்வது இது. கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்குச் சராசரியாக ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது போகிற தடவைகள் மாறியிருக்க வேண்டும், அல்லது மலத்தின் தன்மை மாறியிருக்க வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாத வெறும் மலச்சிக்கலை ஐபிஎஸ் என்று சொல்வதில்லை.

இனி, இந்த நோயாளிகள் அதிகம் வெறுக்கும் வாக்கியத்துக்கு வருகிறேன். ரத்தம், ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் முடிந்தபின் சொல்லப்படுவது: 'எல்லாம் நார்மல். சும்மா கவலைப்படாதீங்க.' வலிக்கிறவருக்கு இது எப்படிக் கேட்கும்? 'நீ பொய் சொல்கிறாய்' என்றுதான் கேட்கும்.

பொய் இல்லை. மலக்குடலுக்குள் ஒரு சிறு பலூனை வைத்து மெல்ல ஊதிப் பார்க்கும் சோதனை உண்டு. மற்றவர்கள் 'ஏதோ நிரம்புகிற மாதிரி இருக்கிறது' என்று சொல்லும் அளவிலேயே ஐபிஎஸ் உள்ளவர்களில் பலர் 'வலிக்கிறது' என்கிறார்கள். குடலில் புண் இல்லை, கட்டி இல்லை. அங்கிருந்து மூளைக்குப் போகிற செய்தியின் சத்தம்தான் கூடிவிட்டது. வானொலியில் இருந்துகொண்டு இதைவிட நல்ல உவமைக்கு நான் எங்கே போவது? பாட்டு அதே பாட்டுதான், யாரோ ஒலியைக் கூட்டி வைத்துவிட்டார்கள்.

குடலின் சுவரில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. உடலிலுள்ள செரோட்டோனினில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உருவாவது குடலில்தான். மூளையும் குடலும் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கின்றன. நம் மொழிக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. பயந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, பிள்ளை வரத் தாமதமானால் வயிற்றைப் பிசைகிறது, பொறாமைக்குப் பெயரே வயிற்றெரிச்சல்.

அப்படியென்றால் எல்லாம் மனம்தானா என்று கேட்டுவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்தின் வாக்கர்டன் ஊரில் குடிநீரில் கிருமி கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள், இரண்டாயிரத்துக்கும் அதிகமானவர்களுக்கு நோய் கண்டது. ஆய்வாளர்கள் அந்த ஊரை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். அன்று வயிற்றுப்போக்கில் விழுந்தவர்களிடம், விழாதவர்களைவிட ஐபிஎஸ் அதிகமாக இருந்தது. எட்டு வருடம் கழித்தும் அந்த வித்தியாசம் தெரிந்தது. கிருமி போய்விட்டது, குடல் அதை மறக்கவில்லை.

சீன மருத்துவம் இதை எப்படிப் பார்க்கிறது என்று பலர் கேட்கிறார்கள். அங்கே செரிமானத்தின் பொறுப்பாளர் மண்ணீரல். இது அறுவை மருத்துவர் கையில் எடுக்கும் மண்ணீரல் அல்ல. உணவைச் சத்தாக மாற்றி உடலெங்கும் கொண்டுசேர்க்கும் ஒரு வேலைக்கு அவர்கள் வைத்த பெயர். ஐந்து பூதக் கணக்கில் அது மண்ணைச் சேர்ந்தது. நம் மொழியிலும் அதன் பெயரிலேயே மண் இருக்கிறது பாருங்கள், தற்செயல்தான் என்றாலும் எனக்குப் பிடித்த தற்செயல். கல்லீரல் அவர்களுக்கு மரம், கோபமும் அடக்கி வைத்த ஆத்திரமும் தங்கும் இடம். மரம் வேரை இறக்கி மண்ணை இறுக்குவதுபோல, பதற்றம் கூடும்போது கல்லீரல் மண்ணீரலை நெருக்குகிறது. முதலில் வயிறு முறுக்கி வலிக்கும், பிறகு பேதியாகும், போனதும் வலி அடங்கும். இதற்கென்றே நான்கு சரக்குகள் கொண்ட பழைய கஷாயம் ஒன்று உண்டு. வெள்ளைப் பியோனி வேரும், உலர்ந்த மாண்டரின் ஆரஞ்சுத் தோலும் அதில் சேரும்.

ஒரு மருத்துவனாக எனக்கு அந்த உடற்கூறு ஒப்புதல் இல்லை. ஆனால் அந்தக் கவனிப்பைக் குறை சொல்ல முடியாது. மனநிலையையும் மலத்தையும் ஒரே வாக்கியத்தில் வைத்துப் பேசியிருக்கிறார்கள். என் பாடப்புத்தகங்கள் அங்கே வந்துசேரத் தாமதமானது.

பலன் உண்டா? 1998-இல் ஆஸ்திரேலியாவில் 116 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு எல்லோருக்கும் பொதுவான சீன மூலிகைக் கலவை, இன்னொரு குழுவுக்கு ஆள் பார்த்துச் சேர்த்த கலவை, மூன்றாம் குழுவுக்கு மருந்துபோலத் தோன்றும், ஆனால் மருந்தே இல்லாத போலி மருந்து. பதினாறு வாரத்தில் மூலிகை எடுத்த இரு குழுக்களும் போலி மருந்துக் குழுவைவிடத் தேறின. நிறுத்திப் பதினான்கு வாரம் ஆனபின் பலன் நிலைத்தது, ஆள் பார்த்துக் கொடுத்த குழுவில் மட்டும். நல்ல ஆய்வுதான், ஆனால் சிறியது.

அக்குபங்சர் கதை இதைவிடச் சுவையானது. ஹார்வர்டில் டெட் காப்ச்சக் என்ற ஆய்வாளர் இருக்கிறார். சீனக் கரையிலுள்ள மக்காவ் நகருக்குப் போய்ச் சீன மருத்துவமே படித்தவர். 2008-இல் அவரும் சகாக்களும் 262 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வெறுமனே காத்திருந்தார்கள். ஒரு பிரிவுக்குத் தோலைத் துளைக்காத போலி ஊசி, அதிகப் பேச்சில்லாமல். மூன்றாம் பிரிவுக்கும் அதே போலி ஊசிதான், ஆனால் வைத்தியர் உட்கார்ந்து, கேட்டு, ஆதரவாகப் பேசினார். மூன்று வாரத்தில் போதிய நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள் முறையே நூற்றுக்கு 28, 44, 62. ஊசி ஒன்றே, இடையில் இருந்த வேறுபாடு பேச்சு. போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2012-இல் திரட்டிப் பார்த்தபோது நிஜ ஊசிக்குத் தனி மேன்மை தெரியவில்லை. தேர்ந்த கையில், புதிய ஊசியில் செய்துகொள்வதாக இருந்தால் நான் தடுப்பதில்லை.

மூலிகையில் எச்சரிக்கை தேவை. 1990-களில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மாத்திரையில், சீனப் பெயர் ஒத்துப்போனதால் ஒரு வேருக்குப் பதில் வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. எது எடுத்தாலும் பொட்டலத்தை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். நார்ச்சத்து நல்லது என்று கோதுமைத் தவிட்டை அள்ளிப் போட்டு வயிறு உப்பி வருகிறவர்கள் உண்டு. இசப்கோல் போல நீரில் குழையும் நார்தான் இங்கே உதவும், அதையும் கொஞ்சமாகத் தொடங்க வேண்டும். ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகளுக்குப் பெயர். மெல்பர்னின் மொனாஷ் பல்கலைக்கழகம் பரப்பிய ஃபாட்மேப் குறைந்த உணவுமுறையில் வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், ஆப்பிள் போன்றவற்றை இரண்டு முதல் ஆறு வாரம் விலக்கி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பார்கள். பலர் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். அது வைத்தியம் அல்ல, பட்டினி. உணவியல் நிபுணர் துணையோடு செய்யுங்கள்.

மனச்சோர்வுக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் மாத்திரையை டாக்டர் சிறிய அளவில் எழுதினால் 'மனநோய் மாத்திரை' என்று பயப்பட வேண்டாம். அந்தக் கூட்டிவைத்த ஒலியைக் குறைக்கத்தான் அது. 2023-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு, போலி மாத்திரையைவிட அது உதவுவதைக் காட்டியது. குடலில் கரையும் உறையிட்ட புதினா எண்ணெய் சிலருக்கு முறுக்கலைத் தணிக்கும், சிலருக்கு நெஞ்செரிச்சல் தரும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, சோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக ஆரம்பித்த தொந்தரவு, குடும்பத்தில் குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் சொன்ன எதையும் முயலாமல் முதலில் பரிசோதனைக்குப் போங்கள்.

மற்றவர்கள் டாக்டரைப் பார்க்கப் போகுமுன் இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: சாப்பிட்டது, தூங்கியது, அன்று மனதைக் கலக்கியது, வலித்த நேரம், மலத்தின் தன்மை. கடைசியதை எழுதக் கூச்சமாக இருந்தால் பிரிஸ்டல் அட்டவணை இருக்கிறது. கொட்டைகொட்டையாக இறுகியது ஒன்று, முழுக்கத் தண்ணீராகப் போவது ஏழு. வர்ணிக்க வேண்டாம், 'இன்று ஆறு' என்றால் எங்களுக்குப் புரிந்துவிடும். சாப்பாட்டு மேசையில் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

வணக்கம்.